மட்டக்களப்பில் இருந்துகொண்டு அகதிகள் கொள்கையில் உள்ளகப் பயிற்சி: கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி | 2025 பெப்ரவரி 7

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாத உள்ளகப் பயிற்சி செய்தாக வேண்டும். போன டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் மியன்மாரின் ரோஹிங்கியர்களின் படகு ஒதுங்கிய நாளில் இருந்து, அகதிகள், புகலிடம் கோருவோர் தொடர்பான கொள்கைப் பணியில்தான் சேர வேண்டும் என்று மனதில் ஒரே பிடிவாதம். விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். “அதெல்லாம் கொழும்பிலும் ஜெனீவாவிலும் நடக்கும் காரியம். நீர் இங்கே ஒரு வங்கியைப் பாரும்” என்றார். மட்டக்களப்பிலோ அம்பாறைப் பக்கமோ இதற்கு வழியே இல்லையா? செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

2025 பெப்ரவரி 7, இரவு

செய்தவள் எழுதுகிறேன். 2018இல் மட்டக்களப்பு நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் ஆறு மாதம் இருந்தேன். மூன்று அறை, இரண்டு கணினி, மழை பெய்தால் நடுக்கூடத்தில் ஒரு வாளி. பெயரைக் கேட்க வேண்டாம், பின்னால் திட்டப்போகிறேன்.

உங்கள் விரிவுரையாளர் சொன்னதில் பாதி சரி. அகதிகளின் அந்தஸ்து பற்றிய 1951ஆம் ஆண்டுச் சமவாயத்திலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இலங்கை சேரவில்லை. நமது குடிவரவுச் சட்டத்துக்கு அகதி என்றொரு ஆளைத் தெரியாது. விசா உள்ளவர், விசா இல்லாதவர், அவ்வளவுதான். இங்கே வந்து தஞ்சம் கேட்டவர்களைப் பதிந்து, அவர்களின் கோரிக்கையை ஆராய்ந்து வந்தது ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம். அது 1987இல் நாட்டுக்குள் வந்தது. அகதி என்று அது ஏற்றுக்கொண்டவரும் இங்கே நிரந்தரமாகக் குடியேற முடியாது. மூன்றாவது நாடொன்று கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை சட்டப்படி ஒரு வேலைக்கும் போக முடியாது. அந்தக் கோப்புகள் கொழும்பில்தான். அது மட்டும்தான் வேண்டும் என்றால் இரவு ரயிலுக்கு இருக்கை பதிவு செய்யுங்கள்.

மற்றப் பாதி பிழை. ஏனென்று நாளை. விடிய ஐந்தரைக்கு எழும்ப வேண்டும்.

2025 பெப்ரவரி 8

மற்றப் பாதி: அகதி என்றால் நம்மிடம் வருபவர் மட்டும்தானா? நமது கரை ஆட்களை அனுப்பிய கரை. மன்னார், திருகோணமலை அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கிருந்தும் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து வேறு வேறு மாவட்ட முகாம்களுக்குப் பிரிந்து, இருபது இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். போகும்போது இரண்டு பேர், வரும்போது ஐந்து பேர். அந்த மிச்ச மூன்று பேரில்தான் என் ஆறு மாதமும் போனது.

இந்தியாவும் 1951 சமவாயத்தில் சேராத நாடு. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், குடியுரிமை கிடைக்காது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைக் கணக்கில் எடுக்கவில்லை. சரி, இலங்கைக்கு வந்தால்? இங்கே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாகப் பிரசையாகிவிடாது. தாயும் தகப்பனும் இலங்கையர் என்றாலும் பதிய வேண்டும். பதியாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படியோ ஏறிவிடும், சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும் வருடத்தில் வந்து முட்டி நிற்கும்.

என் முதல் கோப்பைச் சொல்கிறேன். தகப்பனின் பெயர் தங்கராசா என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தங்கராசா. முகாம் பதிவில் தங்கராஜ். பிள்ளையின் இந்தியச் சான்றிதழில் ஆங்கிலத்தில் தங்கராஜா, முன்னெழுத்து வேறு. சிங்களத்தில் தட்டச்சான கடிதத்தில் நாலாவது ஒருவர். ஒரு மனிதர் நான்கு பேராக நின்றார். நால்வரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, குடிவரவுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் அங்கே ஐந்தாவது எழுத்துக்கூட்டலோடு ரசீது தருவார்கள். அந்தக் குடும்பம் அதற்காக மூன்று தடவை கொழும்பு போய் வந்தது. மூன்றாம் தடவைக்கு மூத்த பிள்ளையின் தோடு அடகுக்குப் போனது.

இப்படிப் பதினொரு கோப்பு பார்த்த பிறகு, எங்கள் பொறுப்பாளர் அக்கா இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். பெயர் வேறுபாட்டைப் பிரதேச செயலகத்திலேயே உறுதிப்படுத்த விட வேண்டும், அதற்குக் குடும்பங்களைக் கொழும்புக்கு இழுக்கக் கூடாது, இதுதான் விஷயம். பின்னிணைப்பாக ஓர் அட்டவணை: ராசா, ராஜா, ராஜ், சிவம், ஷிவம், எந்த எழுத்து எந்த அலுவலகத்தில் எப்படி மாறுகிறது என்று. அமைச்சுக்கு அனுப்பினோம். “தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது” என்று ஒரு வரி வந்தது. கொள்கைப் பணி என்று நீங்கள் கேட்டது இதைத்தான்.

2025 பெப்ரவரி 8, பின்னேரம்

“காசு தந்தார்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாதம் 8,000 ரூபா, போக்குவரத்துப் படி என்ற பெயரில். களுவாஞ்சிகுடியில் இருந்து பஸ்ஸுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் போக மிஞ்சியதில் தொலைபேசிக்கு மீள்நிரப்பு. மூன்றாம் மாதத்தில் இருந்து அதுவும் பிந்தியது. ஆனால் நிதி தந்தவர்களுக்குப் போன அறிக்கையின் அட்டையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே “இளைஞர் வலுவூட்டல்”.

கடைசி நாளில் தந்த சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தித் தரும்படி கேட்டேன். சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

2025 பெப்ரவரி 10

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். இலங்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவுமே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். சட்டம் படித்த ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. 1951 சமவாயத்தின் 33ஆம் உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. நாம் சேராததால் அந்த உறுப்புரையை நேராக நீட்ட முடியாது. ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994இல் சேர்ந்தது. அதன் 3ஆம் உறுப்புரை, சித்திரவதைக்கு உள்ளாவார் என்று நம்பப் போதிய காரணம் உள்ள இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்கிறது. அகதியா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. ரோஹிங்கியர் விடயத்தில் எழுதப்போகிறவர் பிடிக்க வேண்டிய கயிறு இதுதான். 2018இல் எனக்கு இது தெரியாது. தெரியாமலேயே “பாதுகாப்பு” என்று பத்து இடத்தில் எழுதினேன்.

2025 பெப்ரவரி 12

சொற்களைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் அலுவலகப் பலகையில் “கொள்கைப் பரிந்துரைப்புப் பிரிவு” என்று எழுதியிருக்கும். ஒருநாள் வாகரைப் பக்கத்தில் இருந்து ஓர் ஆச்சி வந்து, பலகையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு உள்ளே வந்தார். “மகள், பரிந்துரைக் கடிதம் இங்கேதானா தருகிறார்கள்? பேரனுக்கு ஒரு வேலைக்கு” என்றார். நம் ஊரில் பரிந்துரை என்றால் எம்.பி.யின் கடிதத் தலைப்பில் இரண்டு வரி. வேறு பொருள் கிடையாது. பிறகு நான் வீடுகளுக்குப் போகும்போது “உங்களுக்காகக் கதைக்கிற ஆட்கள்” என்றுதான் சொன்னேன். அதற்கும் ஒருவர், “எங்களுக்கு வாய் இருக்கிறதே” என்றார்.

அகதி என்ற சொல்லும் அப்படித்தான். சர்வதேசச் சட்டத்தில் எல்லை தாண்டினால்தான் அகதி. நாட்டுக்குள் ஓடியவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவருக்குச் சமவாயம் இல்லை, 1998ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டும் கோட்பாடுகள் மட்டும் உண்டு, அவையும் கட்டாயம் அல்ல. அரசாங்கம் முகாமை நலன்புரி நிலையம் என்று எழுதும். என் அம்மம்மாவுக்கு இந்தப் பாகுபாடு எதுவும் தெரியாது. 1990இல் ஆற்றைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியதும் அகதி, சுனாமிக்குப் பள்ளிக்கூடத்தில் படுத்ததும் அகதி. “நான் மூன்று தரம் அகதி” என்பார், மூன்று தரம் பிள்ளை பெற்றதைச் சொல்வது போல. அதைத் திருத்தப் போய் நான் வாங்கிய பேச்சு தனி.

2025 பெப்ரவரி 15

எழுதவா வேண்டாமா என்று ஒரு கிழமை இருந்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள்.

“ஒரு கதை கொண்டுவா” என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இருந்து திரும்பிய ஓர் அம்மாவின் வீட்டுக்கு நாலு தடவை போனேன். முதல் இரண்டு தடவை தேநீர் மட்டும். மூன்றாம் தடவை தையல் மெசினில் இருந்து காலை எடுக்காமலே பேசத் தொடங்கினார். கணவர் முகாமில் இறந்தது, சாம்பலை எங்கே கரைப்பது என்று தெரியாமல் நின்றது, நான்கு பெண் பிள்ளைகளோடு விமானத்தில் வந்தது. நான் எழுதிக்கொண்டே அழுதேன். அந்த அழுகையில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பெயரை மாற்றினேன். ஊரை மாற்றவில்லை. நான்கு பெண் பிள்ளைகளையும் தையல் மெசினையும் மாற்றவில்லை, அவைதானே கதைக்கு உயிர்.

நிறுவனத்தின் அறிக்கையில் அச்சாகி இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடம் இருந்து அழைப்பு வந்தது. சத்தம் போடவில்லை. “மகள், பெயர் என்னுடையது இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் நான்கு பெண் பிள்ளையும் தையல் மெசினும் உள்ள வீடு ஒன்றுதானே இருக்கிறது.” மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரோ அறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். பெண்ணுக்குக் குடியுரிமைப் பதிவு இன்னும் இல்லையாமே என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் இருந்து எடுக்க வைத்தேன். அச்சடித்த பிரதிகளை எப்படி எடுப்பது? கொழும்பில் ஏதோ மேசைகளில் கிடக்கும். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்தார். சீனி கூடப் போட்டிருந்தார், எனக்குக் கூடப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருந்து. அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

2025 பெப்ரவரி 16

இல்லை, “கதை இல்லாமல் யாரும் அசைய மாட்டார்கள்” என்று எழுதியவருக்கு: நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தக் கதையால் யார் அசைந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் அசைந்தார்கள்.

2025 பெப்ரவரி 17

அவுஸ்திரேலியா பற்றிக் கேட்டவர்களுக்கு. எங்கள் பெரியம்மாவின் மகன் 2012இல் பலநாள் வள்ளத்தில் ஏறினார். அந்த வருடம் நம் கரையில் எத்தனை வள்ளம் கடலுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று மீனவச் சங்கத்துக்கே கணக்கு இல்லை. இவரைக் கடற்படை வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்தது. குற்றச்சாட்டு: அனுமதிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்தால் நாட்டைவிட்டு வெளியேற முயன்றது. அபராதம் கட்டினார். வள்ளத்துக்குக் கொடுத்த காசின் வட்டியைப் பெரியம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

பயிற்சியின்போது ஒரு மத்தியானம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனின் வழக்கில் எழுதியிருந்தது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். விசா இல்லாமல் வந்து இறங்கும் வெளிநாட்டவரைப் பிடிப்பதும் அதே சட்டம். முல்லைத்தீவில் ஒதுங்கியவரையும் வாழைச்சேனையில் இருந்து புறப்பட்டவரையும் ஒரே புத்தகம் பிடிக்கிறது, பக்கம்தான் வேறு. அண்ணனிடம் சொன்னேன். “அப்போது நாங்கள் சொந்தக்காரர்கள்” என்றார். பகிடியாகத்தான்.

இன்னொன்று. 2014 ஜூலையில் அவுஸ்திரேலியா நடுக்கடலில் மறித்த 41 பேரை, கப்பலில் வைத்தே அவசர அவசரமாக விசாரித்துவிட்டு, மட்டக்களப்புத் துறைமுகத்துக்கு வெளியே கடலில் வைத்தே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். பிறகு காலி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உலகம் முழுக்க அகதிச் சட்ட வகுப்புகளில் பேசப்பட்ட காரியம் கல்லடிக் கடற்கரையில் நின்றால் கைகாட்டக்கூடிய திசையில் நடந்தது. அன்று நாங்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். உங்கள் விரிவுரையாளரிடம் இதையும் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 20

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு வரி. நீங்கள் படிக்கும் வந்தாறுமூலை வளாகமே 1990இல் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பவில்லை. எந்தக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள் என்று பழைய ஊழியர் யாரையாவது கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள்.

2025 பெப்ரவரி 23

8ஆம் திகதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அலுவலகங்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இப்போது நான் மேசைக்கு மறுபுறம் இருக்கிறேன். 2020 பட்டதாரி நியமனத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு பிரதேச செயலகம். பயிற்சிக் காலத்தில் “அந்த ஐயா பைலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை” என்று எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். புதன்கிழமை பொதுமக்கள் தினத்தில் நூற்றிருபதாவது ஆள் வரும்போது நானும் நிமிர்வதில்லை. கழுத்து நிமிராது.

அதோடு, “ஒரு வரி வந்தது” என்று முடித்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. நியமனம் கிடைத்த முதல் கிழமை, என் மேசையில் முன்பு இருந்தவர் இடமாற்றத்தில் போயிருந்தார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே விடுமுறைப் பட்டியல், ஒரு பிள்ளையார் படம், கிராம உத்தியோகத்தர்களின் தொலைபேசி இலக்கங்கள். நடுவில் மஞ்சளடித்த ஒரு பிரதி: ராசா, ராஜா, ராஜ். எங்கள் அட்டவணை. ஓரத்தில் பச்சைப் பேனையால் அவர் தானே இன்னும் ஆறு பெயர்களைச் சேர்த்திருந்தார், முஸ்லிம் பெயர்கள் உட்பட. அவை எங்கள் தலையில் ஏறவே இல்லை. கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துக் கோப்புகளில் அந்தத் தொல்லை இன்னும் கூட.

அமைச்சு அதை வாசித்ததா என்பது எனக்குத் தெரியாது. ஒரு எழுதுவினைஞர் வாசித்திருக்கிறார், பாவித்திருக்கிறார். கதை அச்சான அறிக்கையை ஏன் கண்ணாடிக்குக் கீழே வைக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

2025 மார்ச் 2

சரி, உபயோகமாக ஏதாவது எழுதுகிறேன். திட்டினதே போதும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமும் அப்படியே. பல்கலைக்கழகக் கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள், மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து திரும்பியோர் விடயத்தில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போல நீண்ட காலம் ஊறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஊழியர் ஒருவரோடு அரை நாள் இருந்தால் ஒரு பருவப் பாடம் கிடைத்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததில் இருந்து நிறுவனங்கள் ஆட்டம் கண்டு நிற்கின்றன. பயிற்சிக்கு எடுக்கிறோம் என்பவர்கள், போன கிழமை நிறுத்திய ஊழியரின் கதிரையில் உங்களைச் சும்மா உட்கார வைக்கக்கூடும். முன்பு அந்த வேலையை யார் செய்தார் என்று முதல் நாளே கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பயிலுநருக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. யாருடைய கண்ணீரும் தேவைப்படாது. எத்தனை விண்ணப்பம் தேங்கியிருக்கிறது, சராசரி எத்தனை மாதம் எடுக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டதற்கு “அவ்வாறான தரவு பேணப்படவில்லை” என்று வந்தது. அந்த வரியைத்தான் எங்கள் குறிப்பின் முதல் வரியாகப் போட்டோம்.

சிங்களம் வாசிக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் இப்போதே தொடங்குங்கள். தமிழும் அரச கரும மொழிதான், கடிதம் வருவது சிங்களத்தில்தான்.

2025 மார்ச் 3

“அந்த மூத்த மகளுக்கு என்ன ஆயிற்று?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஒரு தரம் எழுதியது போதும்.

2025 மார்ச் 21

தம்பிக்கு இடம் கிடைத்துவிட்டதாம், ஏப்ரல் புத்தாண்டு கழித்துத் தொடக்கம். சந்தோஷம். எங்கே என்று இங்கே எழுதாமல் விட்டதும் நல்லது, பாடம் ஏறியிருக்கிறது. அட்டவணையின் பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர். படம் பிடித்து அனுப்ப முடியாது, பச்சைப் பேனை மங்கி கடைசி ஆறு பெயரும் தெரிவதில்லை. நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளும். புதன்கிழமை வேண்டாம், வரிசை வாசல்வரை நிற்கும். வெள்ளி பத்து மணிக்குப் பிறகு வாரும். கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது, மேசைக் கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.